எங்கள் கண் ஃபிரேமுக்குள் இருக்கும்போது

கொழும்பில் குறும்படமும் விளம்பரமும் பாட்டு வீடியோவும் தொலைக்காட்சி நாடகமும் எடுக்கும் இயக்குநர்களுக்கும், தயாரிப்பாளர்களுக்கும், புரொடக்ஷன் மனேஜர்மாருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கமெரா அசிஸ்டன்ட். உங்களில் பலருடைய செட்டில் நின்றிருக்கிறேன். தமிழ் செட் என்றால் தம்பி என்று கூப்பிடுவீர்கள், சிங்கள செட் என்றால் மல்லி. சம்பளம் பிந்துவதைப் பற்றியோ டைட்டிலில் பெயர் விடுபடுவதைப் பற்றியோ கதைக்க இந்த மடலை எழுதவில்லை. அவையும் கதைக்க வேண்டியவைதான், ஆனால் இன்றைக்கு ஒரேயொரு விஷயத்தைக் கேட்கிறேன். ஷொட் ஓடும்போது எங்கள் கண் முழுக்க ஃபிரேமுக்குள் இருக்கிறது. எங்களைச் சுற்றி என்ன வருகிறது என்று பார்க்க எங்களால் முடியாது. அந்த நேரத்தில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்துங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று சொல்ல, போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரை. பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். ஒரு காதல் பாட்டு. லொக்கேஷன் தண்டவாளம். பாட்டு எடுக்கிற எல்லோருக்கும் அந்த இடத்தில் ஓர் ஆசை இருக்கிறது, அது எனக்கும் விளங்குகிறது. மரீன் டிரைவைக் கடந்தால் தண்டவாளம், அதைக் கடந்தால் கற்கள், கற்களுக்கு அப்பால் கடல். பொழுது சாயும்போது வெளிச்சம் நேராக முகத்தில் விழும். எந்த லைட்டும் அப்படி ஒரு நிறம் தராது. அந்த வெளிச்சம் அதிகம் போனால் இருபது நிமிடம் நிற்கும். அதனால் எல்லோருக்கும் அவசரம்.

நடிகரும் நடிகையும் தண்டவாளத்துக்கு நடுவே கைகோத்து நடந்து வர வேண்டும். கமெராமன் அண்ணா, கமெரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலைத் தூக்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி பின்னுக்கு நடக்கிறார். நானும் அவருக்குப் பக்கத்தில் பின்னுக்கு நடக்கிறேன். கையில் வயர்லெஸ் ஃபோகஸ் சக்கரம், கண் உள்ளங்கை அளவு மொனிட்டரில். 85 மில்லிமீட்டர் லென்ஸ். பின்னணி முழுக்கக் கலங்கிப் பொன்னிறமாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டதால் லென்ஸை 1.4க்குத் திறந்திருந்தோம்.

இந்த எண்களின் அர்த்தம் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். அந்த லென்ஸை அந்த அளவு திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். கண்ணிமை கூர்மையாக இருக்கும்போதே காது கலங்கிப்போயிருக்கும். நடிகை ஒரு எட்டுக் கொஞ்சம் நீட்டி வைத்தாலோ, கமெராமன் ஒரு எட்டுச் சுருக்கி வைத்தாலோ அந்த நாலு சென்டிமீட்டர் போய்விடும். அது போவதற்கு முன்னமே நான் சக்கரத்தைத் திருப்பியிருக்க வேண்டும். போனதைப் பார்த்துத் திருப்பினால் பிந்திவிட்டது, திரையில் அது தெரியும். ஆகவே நான் நடிகையின் தோளைப் பார்க்கிறேன், முழங்காலைப் பார்க்கிறேன், அடுத்த எட்டு எங்கே விழும் என்று கணிக்கிறேன். அந்த இரண்டு நிமிடமும் எனக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காது.

கற்களில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான ஐயா எழும்பி நின்று கத்தினார். "கோச்சியக் எனவா! கோச்சியக் எனவா!" ரயில் வருகிறது என்று சிங்களத்தில்.

எங்கள் முதுகுப் பக்கத்தால், பம்பலப்பிட்டியில் இருந்து, கோச்சி வந்துகொண்டிருந்தது. ஹோர்ன் அடித்திருக்கும். ஆனால் பாட்டு ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது, கடல் இரைந்துகொண்டிருந்தது, காற்றும் கடல் பக்கத்தால். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கமெராமனின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது நானா வேறு யாருமா என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. நாங்கள் கற்கள் பக்கம் பாய்ந்தோம். நடிகையின் ஒரு செருப்பு தண்டவாளத்திலேயே கிடந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது கதவில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களின் கால்கள் என் முகத்துக்கு நேரே போயின.

யாருக்கும் காயமில்லை. ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அப்புறம் ஒருவர் சொன்னார், "பரவாயில்லை, லைட் போகுது. அடுத்த கோச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு, இன்னொரு டேக் போவோம்." போனோம். நானும் போனேன். அங்கே இரட்டைப் பாதை, தெஹிவளைப் பக்கமிருந்தும் வரும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஷூட்டுக்கு ரயில்வே திணைக்களத்திடம் அனுமதி எடுத்திருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. எடுத்திருக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். 2014 பெப்ரவரி 20ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம். ஆல்டமஹா ஆற்றுக்கு மேலே போகும் ஒரு ரயில் பாலத்தில் தண்டவாளத்தின் மேல் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வைத்துக் காட்சி எடுத்தார்கள். பாதையின் சொந்தக்கார ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. இரண்டு ரயில்கள் போய்விட்டன, இனி வராது என்ற நம்பிக்கையில் பாலத்தில் ஏறினார்கள். இன்னொன்று வந்தது. ஓடித் தப்ப ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பலர் காயப்பட்டார்கள். சாரா ஜோன்ஸ் என்ற 27 வயதுப் பெண் இறந்துபோனார். அவர் அந்தப் படத்தில் இரண்டாவது கமெரா அசிஸ்டன்ட். கிளாப் போர்ட் பிடிக்கிறவர், லென்ஸ் மாற்றிக் கொடுக்கிறவர். படத்தின் இயக்குநர் 2015 மார்ச்சில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

"இரண்டு ரயில்கள் போய்விட்டன, இனி வராது." இந்த வரியை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று பின்னேரம் நாங்கள் சொல்லிக்கொண்டதும் கிட்டத்தட்ட அதேதான்.

அதற்குப் பிறகு பல நாடுகளில் கமெரா அசிஸ்டன்ட்மார் தங்கள் கிளாப் போர்டில் சாராவின் பெயரை எழுதிப் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். என் கிளாப் போர்டின் பின்பக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. சிலர் அது யார் என்று கேட்பார்கள். சொல்வேன்.

இனி நித்திரை. அதுவும் கண்ணைப் பற்றிய கதைதான்.

செட்டுக்கு முதலில் வருகிறவர்களில் கமெரா ஆட்கள் ஒரு கூட்டம், கடைசியில் போகிறவர்களும் நாங்கள்தான். காலை ஆறு மணிக்கு ஷூட் என்றால் நாங்கள் நாலரைக்குப் பெட்டிகளைத் திறந்திருப்போம். கொழும்பு வெக்கையில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏசி போட்ட வானில் வந்த லென்ஸை நேராக வெளியில் எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்தால் திரும்பப் படியும். அது வெளிச் சூட்டுக்குப் பழகும்வரை விட வேண்டும். பிறகு ஒவ்வொரு லென்ஸையும் போட்டு, அளவு டேப் பிடித்து, லென்ஸில் எழுதியிருக்கும் தூரமும் உண்மைத் தூரமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். இதை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் முதல் நாளே ஆறுதலாகப் பார்க்க ஒரு நாள் தந்தால் எவ்வளவோ நல்லது. அந்த நாளுக்குச் சம்பளம் தர மாட்டோம் என்கிறார்கள், ஆகவே செட்டிலேயே இருட்டில் டோர்ச் பிடித்துச் செய்கிறோம். இரவு பத்துக்கு பேக் அப் என்று சொன்னால் லைட் அணையும், நடிகர்கள் போவார்கள். நாங்கள் லென்ஸில் படிந்த கடல் உப்பைத் துடைத்து, பற்றரிகளை சார்ஜில் போட்டு, மெமரி காட்டுகளில் இருப்பதை இரண்டு டிஸ்க்குகளில் கொப்பி பண்ணி முடியும்போது ஒரு மணி, இரண்டு மணி. அடுத்த நாள் கோல் டைம், அதாவது செட்டுக்கு வர வேண்டிய நேரம், திரும்பவும் நாலரை.

பிலிம் காலத்தில் வேலை செய்த ஒரு அண்ணா சொல்லித்தந்தது இது. 35 மில்லிமீட்டரில் 400 அடி ரோல் நான்கரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். 1000 அடி என்றால் பதினொரு நிமிடம். ரோல் முடிந்தால் மகஸினை, அதாவது பிலிம் போட்ட பெட்டியை, மாற்ற வேண்டும், அதற்குள் எல்லோரும் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள். பிலிம் விலை என்பதால் இரண்டு மூன்று டேக்கோடு நிறுத்துவார்கள். இப்போது மெமரி காட் ஒன்றில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறது. கட் சொல்லாமலே, "அப்படியே ரோல் ஆகட்டும், திரும்ப முதலில் இருந்து" என்று ஆறு தடவை போவோம். நடிகருக்கு அது வசதி, அவருடைய மனநிலை கலையாது. அந்த ஆறு தடவையும் ஃபோகஸ் சக்கரத்தில் இருக்கும் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு கிடையாது. டிஜிட்டலால் எங்கள் வேலை இலேசாகிவிட்டது என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

ஒருநாள் அதிகாலை மூன்று மணி. பத்தொன்பது மணித்தியாலம் வேலை செய்த பிறகு காட் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் பழக்கம், படம் பிடித்த காட்டில் சிவப்பு டேப், வெறுமையான காட்டில் பச்சை டேப். அடுத்த நாளைக்கு வேண்டிய காட்டுகளை ஃபோர்மட் பண்ணுவதற்காக ஒன்றை எடுத்து கமெராவில் போட்டேன். திரையில் "எல்லாம் அழியும், சம்மதமா?" என்று கேட்கிறது. விரல் பொத்தானில் இருக்கிறது. அப்போதுதான் மடியில் கிடந்த டேப்பைப் பார்த்தேன். காட்டைப் போடும்போது நானே உரித்த டேப். சிவப்பு. அது கொப்பி ஆகாத காட். அன்று காலை முழுக்க எடுத்த காட்சி, நூறு துணை நடிகர்களோடு எடுத்தது, அதில் இருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு என் கண் போயிருந்தது.

அதே இரவு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். காலி வீதியில் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. காலை ஊன்றி நின்றேன். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடிக்க விழித்தேன். சிக்னல் எத்தனை தடவை மாறியது என்று எனக்குத் தெரியாது. நின்ற இடத்தில் நித்திரை வந்தது என்னுடைய அதிர்ஷ்டம். ஓடும்போது வந்திருந்தால் இந்த மடல் இல்லை.

1997 மார்ச்சில் ப்ரென்ட் ஹெர்ஷ்மன் என்ற அமெரிக்கக் கமெரா அசிஸ்டன்டுக்கு அது ஓடும்போது வந்தது. பத்தொன்பது மணித்தியால ஷூட் முடிந்து கார் ஓட்டி வீட்டுக்குப் போன வழியில் நித்திரையாகி விபத்தில் இறந்தார். வயது 35. அவருடைய மரணம் ஒளிப்பதிவாளர் ஹஸ்கல் வெக்ஸ்லரை விடவில்லை. நித்திரையில்லாமல் வேலை வாங்குவதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்து 2006இல் வெளியிட்டார். பன்னிரண்டு மணித்தியாலம் வேலை, பன்னிரண்டு மணித்தியாலம் ஓய்வு என்பது அவர் கேட்டது. ஹெர்ஷ்மன் இறந்த அதே 1997இல் அவுஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். பதினேழு மணித்தியாலம் விழித்திருக்கும் ஒருவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலத்தான் வேலை செய்கின்றன. இருபத்துநாலு மணித்தியாலம் என்றால் அது 0.10 வீதத்துக்குச் சமம். செட்டுக்குக் குடித்துவிட்டு வரும் அசிஸ்டன்டை நீங்கள் அந்த நிமிடமே திருப்பி அனுப்புவீர்கள். அனுப்பவும் வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. நாங்கள் வாய் திறப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, நாள் சம்பளம், வேலைக்குக் கூப்பிடுவது ஒரு வட்ஸ்அப் மெசேஜில். "தண்டவாளத்தில் நிற்க மாட்டேன்" என்று சொன்னால் அடுத்த தடவை அந்த மெசேஜ் வேறொரு தம்பிக்குப் போகும் என்று ஒவ்வொருவரும் பயப்படுகிறோம். அந்தத் தம்பிக்கு இருபது வயது, முதல் ஷூட், எதற்கும் ஓம் என்பான். போன வருடம் அந்த இரண்டாவது டேக்குக்கு நான் போனதும் அந்தப் பயத்தால்தான். அதனால்தான் இதை எங்களுக்குள் கதைத்து முடிக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு ஷூட்டை நிறுத்தும் வார்த்தை உங்கள் வாயில்தான் இருக்கிறது.

காசில்லை என்று சொல்வீர்கள், அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத நாட்களில், பெற்றோல் வரிசையில் நின்று வான் பிடித்து, ஜெனரேட்டர் வைத்து ஷூட் செய்தவர்கள் நீங்கள். அந்த நேரத்திலும் எங்களுக்கு வேலை தந்தீர்கள், அதை மறக்க மாட்டேன். கமெரா வாடகை நாள் கணக்கு. மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் அடைப்பது அதனால்தான் என்றும் விளங்குகிறது. ஆனால் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள் விசிலோடு நிற்க எவ்வளவு செலவாகும்? இரண்டு பேருடைய அரைநாள் சம்பளம். பேக் அப் முடிந்த பிறகு கமெரா ஆட்களை வானில் வீட்டில் இறக்கிவிட எவ்வளவு ஆகும்? நடிகர்களை இறக்கிவிட்ட அதே வான் திரும்பி வந்தால் போதும்.

ஆகவே கேட்கிறேன். ரயில் பாதையில் எடுப்பதென்றால் ரயில்வே திணைக்களத்தின் அனுமதியை எழுத்தில் எடுங்கள், அன்றைய ஷூட் விவரம் எழுதி எல்லோருக்கும் அனுப்பும் கோல் ஷீட்டோடு அதன் பிரதியையும் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் காட்சியை மாற்றுங்கள். மரீன் டிரைவ் நடைபாதையில் இருந்து நீண்ட லென்ஸில் பிடித்தால் அதே கடல், அதே வெளிச்சம் வரும். எந்தக் கமெராமனும் உங்களுக்கு அதைச் செய்து காட்டுவார், பக்கத்தில் நின்று ஃபோகஸ் பிடிக்க நான் வருகிறேன். நேர அட்டவணையை நம்பி நிற்கச் சொல்லாதீர்கள். பிந்திய கோச்சி வரும், தனி எஞ்சின் வரும், அட்டவணையில் இல்லாததும் வரும்.

புறக்கோட்டைக் கூட்டத்துக்குள் பின்னுக்கு நடந்து எடுக்கும் ஷொட்டும் இதே மாதிரித்தான். சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமிமாரின் வண்டி ஒன்று சுமையோடு இறங்கிவந்தால் அவர்களால் நினைத்த இடத்தில் பிரேக் பிடிக்க முடியாது. பிழை அவர்களிலும் இல்லை, அது அவர்களுடைய வேலைத்தலம். கமெராமனுக்குப் பின்னால் ஒருவர், எனக்குப் பின்னால் ஒருவர், தோளில் கை வைத்தபடி நடந்தால் போதும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். குடை பிடிக்கவோ, போன் எடுக்கவோ, கூட்டத்தை விலக்கவோ அனுப்பினால் அவர் நிற்பதும் நிற்காததும் ஒன்றுதான்.

ஒரு நாள் வேலை முடிவதற்கும் அடுத்த நாள் கோல் டைமுக்கும் இடையில் பத்து மணித்தியாலமாவது விடுங்கள். வெக்ஸ்லர் பன்னிரண்டு கேட்டார், நான் கொழும்பு நிலைமை தெரிந்து பத்துக் கேட்கிறேன். அந்தப் பத்தை எண்ணத் தொடங்குவது கடைசி காட் கொப்பியாகி பெட்டி பூட்டிய நேரத்திலிருந்து. ஃபோகஸ், கிளாப், காட், பற்றரி எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டாமல் இரண்டு பேரை எடுத்தால் அந்த நேரமும் தானாகக் குறையும்.

கோல் ஷீட்டில் இயக்குநர் பெயர், நடிகர் பெயர், சாப்பாட்டு நேரம், வான் நம்பர் எல்லாம் இருக்கிறது. அதில் ஒரு வரி சேருங்கள். "காவல்" என்று போட்டு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும். அந்த ஆள் கை தூக்கினால் லைட் போனாலும் ஷொட் நிற்க வேண்டும் என்று, முதல் ஷொட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

அந்த ஐயாவைத் தேடி இரண்டு தடவை வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனேன். ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று. இன்னும் காணவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கமெரா அசிஸ்டன்ட்